“இடிஞ்ச செங்கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?”: ரோம், பொம்பெயி, குடும்பத்தோடு

11 ஜூன் 2024 (வாசகர் கேள்வி)

டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் இத்தாலி போகத் திட்டம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர் (9, 5), அப்பா (72, மூட்டு வலி உண்டு). கையில் ஒரு வாரம். ரோம், வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பொம்பெயி, முடிந்தால் அதே நாளில் அதே மாதிரி புதைந்த பக்கத்து ஊர் ஹெர்குலேனியம். மனைவி கேட்கிறாள்: “இடிஞ்ச செங்கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? அதுக்கு ஹம்பிக்கே போகலாமே.” போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது ஒத்து வருமா?

11 ஜூன் 2024, இரவு 10.50

போன மாதம்தான் போய் வந்தோம். ஐந்து பேர்: நான், மனைவி, பையன் (11), பெண் (6), என் அம்மா (68). உங்கள் மனைவி கேட்டதை என் அம்மா விமானத்திலேயே கேட்டுவிட்டார்.

ஒத்து வரும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டம் ஒத்து வராது. பொம்பெயியும் ஹெர்குலேனியமும் ஒரே நாளில் என்பதை இப்போதே அடித்துவிடுங்கள். பொம்பெயியின் மதிலுக்குள் மட்டும் சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவே இல்லை, தோண்டியதை நடந்து முடிக்கவே நமக்கு நாள் போதாது. தரை முழுக்க எரிமலைக் கல் பாளங்கள், ஒவ்வொன்றும் ஒரு உயரம். தள்ளுவண்டி கொண்டு போனவர்கள் கடைசியில் பிள்ளையை ஒரு கையிலும் வண்டியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன்.

ரோமில் கொலோசியம் ஒரு அரை நாள். அதற்கு மேல் அந்த ஊரில் “பழங்காலம்” வேண்டுமென்றால் ஆஸ்டியா அன்டிகா போங்கள். ஃபோரத்தை (பழைய ரோமின் நடுச்சதுக்கம், இப்போது இடிபாடு) விட்டாலும் பரவாயில்லை. இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும்.

12 ஜூன் 2024, காலை 7.15

அடிக்க வந்துவிட்டார்கள்.

சரி, ஃபோரத்தைப் பற்றி விளக்கம். கொலோசியம் டிக்கெட்டிலேயே ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடக்கம், அதனால் உள்ளே போகத்தான் செய்தோம். நடுப்பகல், நிழல் இல்லை, மூன்று தூண் ஒரு இடத்தில், எட்டுத் தூண் இன்னொரு இடத்தில். எது எந்தக் கோயில் என்று நான் கைப்பேசியைப் பார்த்து வாசிக்க வாசிக்க என் பெண் தரையில் உட்கார்ந்து எறும்பு பார்க்க ஆரம்பித்தாள். ரோம வரலாறு படித்தவர்களுக்கு அது பொன்னான இடம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.

12 ஜூன் 2024, இரவு 9.30

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் போட வேண்டும், கடவுச்சீட்டோடு சரிபார்ப்பார்கள். இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது: இனிஷியல். பழக்க தோஷத்தில் டிக்கெட்டில் இனிஷியலோடு பெயரைப் போட்டுவிட்டேன். கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் முழுசாக. அம்மாவுக்கு அந்த இடத்தில் தாத்தா பெயர், மனைவிக்கு என் மாமனார் பெயர். ஒரே குடும்பம், மூன்று குடும்பப் பெயர்! வாசலில் இருந்த பெண்மணி மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, போங்கள் என்று கை காட்டினார். எல்லோரும் அப்படி விடுவார்கள் என்று நம்பாதீர்கள். கடவுச்சீட்டில் இருப்பதை அப்படியே போடுங்கள்.

உள்ளே என் பையன் கண்டுபிடித்த விஷயம்தான் எங்களுக்கு அங்கே கிடைத்த பெரிய பரிசு. வெளிச்சுவரின் வளைவுகளுக்கு மேலே ரோமன் எண்கள் செதுக்கியிருக்கின்றன. அந்தக் காலத்தில் மொத்தம் 80 வாசல், பார்வையாளர் கையில் வாசல் எண், அதன்படி உள்ளே போய் உட்கார வேண்டும். இப்போது வெளிச்சுவர் மிஞ்சியிருக்கும் பக்கத்தில் மட்டும் எண்கள் தெரியும். 44ஆம் வாசலில் XLIIII என்று இருக்கிறது. பள்ளியில் XLIV என்று எழுதாததற்கு இவனுக்கு மார்க் குறைத்திருக்கிறார்கள். “அப்பா, ரோமன்காரனே இப்படித்தான் எழுதியிருக்கான், மிஸ்ஸுக்கு போட்டோ எடுத்துக் காட்டலாம்” என்று நின்றவன் நகரவே இல்லை.

13 ஜூன் 2024

மேலே ஒருவர் “கடிகாரத்தில்கூட IIII தான் இருக்கும்” என்று எழுதியிருக்கிறார். பையனிடம் காட்டினேன். ஊருக்கு வந்ததிலிருந்து கடிகாரக் கடை கடையாக நின்று பார்க்கிறான். நன்றி, ரொம்ப நன்றி.

15 ஜூன் 2024, மதியம்

ஆஸ்டியாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

ரோமின் பழைய துறைமுகம் அது. திபேர் ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரையைத் தள்ளிவிட்டதால் இப்போது கடல் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டியே போர்த்தா சான் பாவ்லோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். சாதாரண நகர டிக்கெட்டே போதும், நாங்கள் போனபோது ஒன்றரை யூரோ.

போனால் என்ன இருக்கும் என்றால், ஒரு ஊர் இருக்கும். அரண்மனை இல்லை, பேரரசர் இல்லை. மாடி வீடுகள், குளியலறைகள், மாவு மில், சாப்பாட்டுக் கடை. குடை மாதிரி விரிந்த பைன் மரங்கள் வழியெல்லாம் நிழல் தருகின்றன. அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்தார். நான்கு இடத்திலும் உட்கார ரோமானியக் கல் கிடைத்தது.

நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு சதுக்கம். வணிகர்களின் அலுவலகங்கள் அதைச் சுற்றி வரிசையாக இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த படம்: கப்பல், கலங்கரை விளக்கம், மீன், தானியம் அளக்கும் மரக்கால். கடைப் பலகையைத் தரையில் போட்டு வைத்த மாதிரி. ஒன்றில் யானை நிற்கிறது. இன்றைய லிபியாவில் இருக்கும் சப்ராத்தா ஊர் வணிகர்களின் இடம் அது. என் பெண் யானையைக் கண்டதும் மற்ற எல்லாக் கடைகளையும் தானே தேடித் தேடிப் பார்த்தாள். ஃபோரத்தில் எறும்பு பார்த்த அதே ஆள்தான்.

அப்புறம் கழிப்பறை. இதை எழுதாமல் விட்டால் பையன் கோபித்துக்கொள்வான். ஆஸ்டியாவுக்கும் ஒரு ஃபோரம் உண்டு, அதன் குளியல் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பறை, சுவரை ஒட்டிப் பளிங்குத் திண்ணை, அதில் வரிசையாக ஓட்டைகள். இருபது பேர் அக்கம்பக்கத்தில் உட்காரலாம். கதவு, தடுப்பு எதுவும் கிடையாது. “அப்பா, பேசிக்கிட்டே போவாங்களா?” என்று கேட்டான். அப்படித்தான் போல. இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு ஓட்டையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பயணத்தில் அதிகம் பேருக்கு அனுப்பப்பட்ட படம் அதுதான், கொலோசியம் அல்ல.

இரண்டு மணி நேரம் போதும்.

15 ஜூன் 2024, ஐந்து நிமிடம் கழித்து

மேலே கடைசி வரியை எழுதிவிட்டு மனைவியிடம் காட்டினேன். “நாம அஞ்சு மணி நேரம் இருந்தோம்” என்கிறாள். டிக்கெட்டையும் திரும்பி வந்த ரயிலையும் கணக்குப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. ஐந்து மணி நேரம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை விடுமுறை, மறக்காதீர்கள்.

16 ஜூன் 2024, இரவு 11.20

பொம்பெயி. முதலில் நான் பண்ணிய தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நேப்பிள்ஸிலிருந்து சர்க்கும்வெசூவியானா ரயிலில் சொரெண்டோ போகும் வண்டி பிடித்து “பொம்பெயி ஸ்காவி” என்ற நிலையத்தில் இறங்கினால் இடிபாட்டின் வாசலிலேயே இறங்குவீர்கள். நான் அவசரத்தில் போஜ்ஜோமரீனோ போகும் வண்டியில் ஏற்றிவிட்டேன். அதிலும் பொம்பெயி என்று ஒரு நிலையம் வரும், பெயரோடு “சந்துவாரியோ” என்று ஒட்டியிருக்கும். இறங்கிப் பார்த்தால் தேவாலயம், ஐஸ்கிரீம் கடை, போக்குவரத்து சிக்னல் என்று ஒரு நல்ல புது ஊர் நிற்கிறது. அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “எல்லாம் புதுசாத்தானே இருக்கு, எங்கப்பா இடிஞ்சிருக்கு?” என்றார்.

கால் மணி நேரம் நடந்தோம். அம்ஃபிதியேட்டர் (கொலோசியம் மாதிரி ஆட்டக்களம்) வாசல் வந்தது. இதைத்தான் தப்பு என்றேன், இப்போது யோசித்தால் அதுதான் அந்தப் பயணத்தில் தானாக நடந்த நல்ல காரியம். மூட்டு வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் கவனியுங்கள்: மேடு பள்ளம் இல்லாமல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒரு சமதளப் பாதை போட்டிருக்கிறார்கள், அது அந்த வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் அப்பாவை அந்தப் பக்கமாக அழைத்துப் போங்கள். எதிர்ப்பக்கம் இருக்கும் போர்த்தா மரீனா வாசலில் ஏறினால் முதலடியிலேயே செங்குத்தான கல் சரிவு.

அம்ஃபிதியேட்டரில் கூட்டமே இல்லை. கி.மு. 70 வாக்கில் கட்டியது, கொலோசியத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. கி.பி. 59இல் இங்கே நடந்த ஆட்டத்தில் உள்ளூர்க்காரர்களுக்கும் பக்கத்து ஊரான நூசேரியாவிலிருந்து வந்தவர்களுக்கும் அடிதடி ஆகி, உயிர்கள் போய், ரோமிலிருந்து பத்து வருஷத்துக்குத் தடை போட்டார்கள். பையனிடம் சொன்னேன். சென்னை அணிக்கு இரண்டு வருஷம் தடை விழுந்தபோது நாம் பட்ட பாடு அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பத்து வருஷமாம்!

அங்கிருந்து அபொந்தான்சா தெரு. இரண்டு பக்கமும் கடைகள், சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுத்து. தேர்தல் விளம்பரம் அத்தனையும். இன்னாரை இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுங்கள், பழ வியாபாரிகள் ஆதரவு, ரொட்டிக்காரர்கள் ஆதரவு. வாத்தியா என்ற ஒரு வேட்பாளருக்கு “ராத்திரி வெகுநேரம் குடிப்பவர்கள் ஆதரவு”, “சில்லறைத் திருடர்கள் ஆதரவு” என்றுகூட எழுதியிருந்ததாம். எதிர்க்கட்சிக்காரன் வேலையாகத்தான் இருக்கும். நாங்கள் போனபோது நம் ஊரில் ஓட்டுப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா சிவப்பு எழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இங்கயும் சுவர் ரிசர்வ்டா?” என்றார். அந்த இடத்திலிருந்துதான் அவருக்கு ஊர் பிடித்துப்போனது.

17 ஜூன் 2024

தெருவில் ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. மழை, சாக்கடை எல்லாம் தெருவிலேயே ஓடும் என்பதால் குறுக்கே தாண்டிப்போக உயரமான கற்கள் போட்டிருக்கிறார்கள், வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டு. அந்த இடைவெளிக்கு நேரே, பாளத்தில் சக்கரம் அறுத்த தடம் ஆழமாக இருக்கிறது. என் பெண் ஒரு கல் விடாமல் தாண்டினாள். ஒவ்வொரு முச்சந்தியிலும் கல் தொட்டியோடு ஒரு தெருக்குழாய். குனிந்து தண்ணீர் குடிக்க ஆட்கள் கை ஊன்றி ஊன்றித் தொட்டி விளிம்பு வழவழவென்று குழிந்திருக்கிறது. இவள் கையை வைத்தாள், அளவாக உட்கார்ந்தது. அவளுக்குக் கை சின்னது, நன்றாகக் குழிக்குள் போயிற்று. நான் வைத்துப் பார்த்தேன். எனக்கும் சரியாகத்தான் இருந்தது.

சில தொட்டிகளில் இன்றும் குழாய் வைத்துக் குடிதண்ணீர் விடுகிறார்கள். புட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

18 ஜூன் 2024

திருகையா செக்கா? இந்த வழக்கை உங்களிடம் விடுகிறேன்.

பொம்பெயியில் ரொட்டிக் கடைகள் பல. கடைக்கு உள்ளேயே மாவு அரைக்கும் கற்கள் நிற்கின்றன. அடியில் கூம்புக் கல், அதன்மேல் உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த இன்னொரு கல். மேலே தானியம் போட்டு, பக்கத்துத் துளையில் கட்டையைச் செருகிக் கழுதையை விட்டுச் சுற்ற வைத்திருக்கிறார்கள். நான் “திருகை” என்றேன். அம்மா “மாடு சுத்தினா அது செக்குதான்” என்றார். எண்ணெய் ஆட்டினால்தானே செக்கு? ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் கல்லைப் பார்த்தவிதம் அவருடையதுதான். யாரும் கவனிக்காதபோது கைவிரலால் தடவிப் பார்த்தார் (தொடக்கூடாது, தெரியும், சொன்னேன்). எரிமலைக் கல், முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துளை துளையாக இருக்கும். “இதுக்குக் கொத்து போடவே வேண்டாம்ப்பா, தேயத் தேயப் புதுசா ஓட்டை வரும்” என்றார். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லைக் கொத்துக்காரர் வந்து உளி போட்டுவிட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு அது தோன்றவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் அந்தக் கடைக்கு ஒன்றரை வரி.

மொதெஸ்துஸ் என்பவருடையது என்று சொல்லப்படும் கடையில் அடுப்பைத் திறந்தபோது உள்ளே 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தனவாம். வட்ட ரொட்டி, எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ளக் கீறல் போட்டது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அந்த ரொட்டிகளைப் பார்க்கலாம்.

19 ஜூன் 2024

தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் மேடையில் பதித்த பானைகளில் “சூடான குழம்பு இருந்திருக்கும்” என்று நான் இன்னொரு இடத்தில் எழுதியதை ஒருவர் இங்கே இழுத்து வந்து திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம்: மேடைக்குள் கட்டிவிட்ட மண் பானையைக் கழுவ முடியாது, திரவம் ஊறிப்போகும், அதனால் பயறு, கொட்டை மாதிரி காய்ந்த பொருள்தான் இருந்திருக்கும் என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் 2020இல் தோண்டி முடித்த ஒரு கடையில் பானைகளுக்குள் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்திருக்கிறது. ஆக, என் குழம்புக்கு உயிர் இருக்கிறது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

நத்தை என்றதும் மனைவி முகம் சுளித்தாள். வயல் நத்தை சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் இத்தோடு விடுகிறேன்.

23 ஜூன் 2024

நம் ஊர் மிளகு ரோமுக்குப் போனதைப் பற்றி யாரோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள்.

மூத்த பிளினி என்ற ரோமானியர் தன் நூலில் இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் போகிறது என்று புலம்பியிருக்கிறார். கறுப்பு மிளகு பவுண்டு நான்கு தினாரி, வெள்ளை மிளகு ஏழு, திப்பிலி பதினைந்து என்று விலைப்பட்டியலும் போட்டிருக்கிறார். பழமும் அழகில்லை, காயும் அழகில்லை, காரம் ஒன்றுக்காக இதை இந்தியாவிலிருந்து கொண்டு வருகிறோமே என்று ஆச்சரியம் வேறு. அந்தப் பிளினிதான் கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது கப்பல்களோடு உதவப் போய், ஸ்தாபியே கடற்கரையில் செத்துப்போனவர். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று நம் சங்கப் பாட்டு முசிறியைப் பற்றிச் சொல்வதை அந்தப் பக்கத்துக் கணக்குப் பிள்ளையின் பார்வையில் பார்த்தால் பிளினி.

அம்மாவிடம் இதைச் சொன்னதற்கு, “ரசம் வைக்கத் தெரியாதவன் புலம்பத்தான் செய்வான்” என்றார்.

நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு இந்தியத் தந்தச் சிலை இருக்கிறது. பொம்பெயியில் 1938இல் கிடைத்தது, ஒரு முழத்தில் பாதி உயரம்தான். முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்பவர்களே அதிகம். சிக்கல் என்னவென்றால், அது இருப்பது “ரகசிய அறை” என்கிற பகுதியில். பொம்பெயிக்காரர்களின் விவகாரமான படங்கள், பொம்மைகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் அறை. முறை வைத்துப் போனோம். முதலில் மனைவியும் அம்மாவும் உள்ளே, நான் பிள்ளைகளோடு வெளியே. அம்மா வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பொம்மை நல்லா இருந்துச்சு. பாவம், எங்க கொண்டுபோய் வச்சிருக்காங்க” என்றார். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

2 ஜூலை 2024

“பொம்பெயியில் செத்தவர்களின் அந்த உடல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினீர்களா?” என்று கேட்டவருக்கு. காட்டினோம். முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பெண்ணிடம் “சிலைம்மா” என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். பையன் விடவில்லை: “மனுஷங்க கல்லாயிட்டாங்களா?” அதுவும் இல்லை. சாம்பல் உடலை மூடி இறுகிவிடுகிறது. உள்ளே உடல் மக்கிப்போய் வெற்றிடம் மிஞ்சுகிறது. 1863இல் ஃபியோரெல்லி என்பவர் அந்த வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தை ஊற்றி, காய்ந்ததும் சுற்றியிருந்த சாம்பலை உடைத்தார். ஆகவே வெளியில் தெரிவது சாந்து, உள்ளே எலும்பு உண்மை. துணி மடிப்புகூட அச்சாக விழுந்திருக்கும்.

தப்பி ஓடியவர்கள் தோட்டம் என்று ஒரு இடத்தில் பதின்மூன்று பேர், பெரியவர்களும் பிள்ளைகளும், கிடந்த இடத்திலேயே. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். அங்கே எங்கள் வழிகாட்டி கைக்கணினியில் இன்னொரு படம் காட்டினார். தங்கக் காப்பு வீடு என்ற வீட்டில் கிடைத்தவர்கள்: கனமான தங்கக் காப்பு போட்ட ஒரு அம்மா, மடியில் குழந்தை, பக்கத்தில் அப்பா, இன்னொரு குழந்தை. என் அம்மாவுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்புறம் ரயில் ஏறும்வரை அவர் பேசவில்லை. ரயிலில் என் பெண்ணை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார், ஆறு வயசு, கால் தரையில் இடிக்கிறது. அவளும் பேசாமல் இருந்தாள்.

24 ஆகஸ்ட் 2024

இன்றைக்கு எரிமலை வெடித்த நாள் என்று எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். இங்கேயும் போட வந்தேன். போன மாதமே ஒருவர் திருத்தியிருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை.

விவரம் இதுதான். ஆகஸ்ட் 24 என்பது இளைய பிளினியின் (மூத்த பிளினியின் சகோதரி மகன், வெடித்ததை நேரில் பார்த்தவர்) கடிதப் பிரதிகளில் இருந்து வந்த தேதி. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய ஒரு வரி கிடைத்தது, அதில் இருக்கும் தேதி நம் கணக்குக்கு அக்டோபர் 17. கரி எழுத்து நெடுநாள் நிற்காது, அதனால் வெடித்தது அக்டோபர் கடைசியில்தான் என்று பலர் இப்போது சொல்கிறார்கள். எனக்கு உடனே தோன்றிய சந்தேகம்: அந்த வரியில் வருஷம் இல்லையே? நிழலான மூலையில் கரி ஒரு வருஷம் நிற்காதா? எங்கள் வீட்டுச் சுவரில் பையன் எல்கேஜியில் கிறுக்கியது இன்னும் இருக்கிறது. சரி, அது கிரேயான்.

10 நவம்பர் 2024, இரவு 12.10

ஜூலையில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. பொம்பெயிச் சாந்து உருவங்களுக்குள் இருக்கும் எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கக் காப்பு வீட்டில் காப்பு போட்டிருந்தது பெண் இல்லை, ஆண். மடியில் இருந்த குழந்தைக்கும் அவருக்கும் ரத்த உறவு இல்லை. அங்கே இருந்த நான்கு பேருமே ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லை. காப்பு, குழந்தை, அணைப்பு, சரி அம்மாதான் என்று நூறு வருஷத்துக்குள் யாரோ முடிவு கட்டியதை வழிகாட்டி எங்களுக்குச் சொல்ல, நான் அதைத் தமிழில் இன்னும் கொஞ்சம் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். “அம்மா பிள்ளையை இறுக்கிப் பிடிச்சிருக்கா பாரும்மா” என்றேன். அந்த “பாரும்மா” என்னுடையது.

இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறாள்.

11 நவம்பர் 2024

சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காப்பு போட்டவர் ஆம்பளையாம், பிள்ளைக்கு சொந்தமே இல்லையாம் என்றேன். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்போ அந்தப் பிள்ளையோட அம்மா எங்கப்பா போனா?”

13 நவம்பர் 2024

மேலே மூன்று பேர் அவரவர் யூகத்தை எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது ஆள் எழுதியதை, அந்த அம்மா முன்னாலேயே படகு ஏறியிருப்பாள் என்பதை, இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

16 நவம்பர் 2024

டிசம்பரில் போகிறவர்களுக்கு அவசரம்: நேற்றிலிருந்து பொம்பெயியில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடமாட்டார்கள், டிக்கெட்டிலும் பெயர் கட்டாயம். கோடையில் ஒரு இலவச ஞாயிறன்று 36,000 பேர் புகுந்தார்களாம், அதன் விளைவு. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று ஜூனில் தனிச்செய்தியில் கேட்ட ஒருவருக்கு “கண்டிப்பாகப் போங்கள்” என்று சொல்லியிருந்தேன். போகாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே எப்படியும் இலவசம், பெரியவர்களுக்கு நாங்கள் 18 யூரோ கொடுத்தோம். கூட்டமில்லாத நாளுக்கு அது தகும்.

குளிர்காலத்தில் மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள், மூன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். டிசம்பர் 25 விடுமுறை. பெரிய முதுகுப்பை கொண்டு போகாதீர்கள். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் என்றால் வாசலில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், திரும்ப எடுக்க அதே வாசலுக்கு வர வேண்டும். இனிஷியல் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

6 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார், மேலே எழுதியிருக்கிறார். ஹெர்குலேனியத்தை விட்டுவிட்டாராம். நல்லது. நாங்களும் பார்க்கவில்லை, கரியான மரக் கதவும் கட்டிலும் அங்கேதான் அப்படியே இருக்கின்றன என்பதால் எனக்கு இன்னும் ஒரு கண் அதன் மேல்.

உங்கள் அப்பா சமதளப் பாதையில் பாதி தூரம் வந்து, ஒரு வீட்டு முற்றத்தைப் பார்த்துவிட்டு “போதும், நீங்க போயிட்டு வாங்க” என்று உட்கார்ந்துவிட்டதாக வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எந்த வீடு என்று கேளுங்கள். நடுவில் கூரை திறந்து, மழைத் தண்ணீர் விழ ஒரு கல் தொட்டி வைத்த முற்றம்தானே? என் அம்மாவும் அதில்தான் முக்கால் மணி நேரம் இருந்தார். தொட்டித் தண்ணீர் எந்த வழியாகக் கிணற்றுக்குப் போகிறது என்று கண்டுபிடித்தபிறகுதான் எழுந்தார். அவர் பிறந்த வீட்டிலும் முற்றம் இருந்தது, இப்போது விற்றாகிவிட்டது. உங்கள் அப்பா எதையும் தவற விடவில்லை என்று நினைக்கிறேன். வாசலில் “நாய் ஜாக்கிரதை” என்று தரையில் கல் பதித்த படத்தை மட்டும் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

செக்கா திருகையா என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். இங்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை.

6 ஜனவரி 2025, இரவு

உங்கள் மனைவி ஹம்பி என்று சொன்னாரே, எங்கள் வீட்டில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மே மாதம்தான் பள்ளி விடுமுறை. அந்த வெயிலில் யாராவது வயதானவர்களோடு போயிருக்கிறீர்களா? விருபாட்சர் கோயில் பக்கம் தங்குவதா, ஹொஸ்பேட்டையில் தங்குவதா? பையனுக்கு ஒரே கேள்வி, அங்கே பழைய கழிப்பறை இருக்கிறதா என்று.